காரூனின் ஊர்வலமும் நம் கைப்பேசியும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பிரபலமானவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்தில் நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நாம் பேசாவிட்டாலும் அவர்கள் நம் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். இஷா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனால் உம்மா கையில் ஒரு கைப்பேசி, மகள் கையில் ஒன்று, வாப்பாவின் சட்டைப்பையில் ஒன்று. அதிலே ஒரு நடிகையின் கல்யாண மேடை, ஒரு விளையாட்டு வீரரின் புதுக் கார், ஒரு பாடகரின் வெளிநாட்டுப் பயணம். பார்த்துவிட்டு நாம் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "அவங்களுக்கு என்ன குறை?"

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன். அவர்களுக்கு என்ன குறை என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம் பார்த்தது முப்பது வினாடி. அந்த நாளின் மீதியை நாமே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறோம். அந்தக் கற்பனை மனத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அது நம் வீட்டுக் கடனாகிறது, பிள்ளைகளின் ஏக்கமாகிறது, நம் நாவின் பாவமாகிறது.

ஊர்வலத்தைப் பார்த்த இரு கூட்டத்தார்

திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயமான அல்கஸஸில், 76 முதல் 82 வரையுள்ள வசனங்களில் காரூனின் சரித்திரம் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் மத்ரஸா நாளிலேயே கேட்டதுதான். மூஸா நபி (அலை) அவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவன். அவனுடைய கருவூலங்களின் சாவிகளைத் தூக்கவே பலசாலிகளான ஒரு கூட்டத்தார் திணறுவார்கள். அவன் ஒருநாள் தன் அலங்காரங்களோடு மக்கள் முன்னே ஊர்வலம் போனான்.

பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். உலக வாழ்வை விரும்பியவர்கள், காரூனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்காதா, அவன் பெரும் பாக்கியசாலி என்றார்கள். அறிவு கொடுக்கப்பட்டவர்கள், உங்களுக்கு என்ன கேடு, ஈமான் கொண்டு நல்லமல் செய்பவருக்கு அல்லாஹ்விடம் இருக்கும் கூலி இதைவிட மேல் என்றார்கள். பிறகு பூமி காரூனையும் அவன் வீட்டையும் விழுங்கியது. நேற்று அவன் இடத்துக்கு ஆசைப்பட்டவர்களே மறுநாள் காலையில், அல்லாஹ் நம்மீது கருணை காட்டாவிட்டால் நம்மையும் அல்லவா பூமி விழுங்கியிருக்கும் என்று பதறினார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆசைப்பட்ட அந்த மக்கள் காரூனின் வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில்லை. தெருவில் நின்று ஊர்வலத்தைத்தான் பார்த்தார்கள். அதைக் கொண்டே பாக்கியசாலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இரண்டு, இரு கூட்டத்தாரும் பார்த்தது ஒரே ஊர்வலத்தை. வேறுபாடு பணத்தில் இல்லை, பார்வையில் இருந்தது. கண்ணுக்குத் தெரிவதோடு ஒரு மனிதனின் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்று ஒரு கூட்டத்தாருக்குத் தெரிந்திருந்தது.

இன்று காரூனின் ஊர்வலம் தெருவில் வருவதில்லை. நம் உள்ளங்கைக்கு வருகிறது. ஒருநாள் வந்துவிட்டுப் போவதும் இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது.

எந்த வருடம் வேண்டும்?

காரூன் அநியாயக்காரன். பிரபலமானவர்கள் எல்லாரும் காரூன்கள் அல்லர். அதனால் நாம் எல்லாரும் மதிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். உலகமே அறிந்த முகம், உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவர். அவரைப் பார்த்துக் கைதட்டிய யாரைக் கேட்டாலும், வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, அந்த வாழ்க்கையை நமக்குத் தருகிறோம் என்றால் எந்த வருடத்தைக் கேட்போம்?

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1942இல் பிறந்தவர். தந்தை விளம்பரப் பலகைகள் எழுதுபவர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் சைக்கிள் திருட்டுப் போய், அதைச் சொல்லப் போன இடத்தில் சந்தித்த காவலர் ஒருவர்தான் அவரைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அழைத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964இல், 22 வயதில், உலகப் பட்டம். அந்த வருடத்தை எல்லாரும் கேட்போம்.

1967ஐக் கேட்போமா? வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச் சேர்ப்பை மார்க்கத்தின் பெயரால் அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்து வருடச் சிறைத் தண்டனையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் 25 வயதில், உடலில் பலம் நிறைந்திருந்த நேரத்தில், மூன்றரை ஆண்டுகள் போட்டி மேடையில் ஏறவே முடியவில்லை. கல்லூரிகளில் உரையாற்றி வருமானம் தேடினார். நேற்றுவரை கொண்டாடிய நாட்டில் பாதிப்பேர் துரோகி என்றார்கள். 1971இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. போன வருடங்களை நீதிமன்றத்தால் திருப்பித் தர முடியவில்லை.

1974இல் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். அதையும் எல்லாரும் கேட்போம். ஆனால் 1977இல் அவருடைய மருத்துவரே, இனி விளையாடினால் உடம்பு தாங்காது என்று எச்சரித்துவிட்டு விலகிவிட்டார். அதற்குப் பிறகும் மேடை அவரை விடவில்லை. சென்னையில் நம் மக்கள் கைதட்டிய அதே 1980இன் அக்டோபரில், லேரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கினார். அதற்கு மேல் வேண்டாம் என்று அவருடைய தரப்பினரே போட்டியை நிறுத்தினார்கள். 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் நோய் என்று கண்டறியப்பட்டது. பேச்சால் உலகத்தைச் சிரிக்க வைத்தவரின் பேச்சு குழறியது. மின்னல் போல் ஓடிய கை நடுங்கியது. முப்பதாண்டுகளுக்கும் மேல் அந்த நோயோடு வாழ்ந்து, 2016 ஜூன் 3ஆம் தேதி, 74 வயதில் வஃபாத்தானார்.

அவருடைய குடும்ப விஷயங்களுக்குள் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளே, வாழ்க்கை சில்லறையில் கிடைப்பதில்லை. மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். 1964ஐயும் 1974ஐயும் மட்டும் தாருங்கள், 1967ஐயும் 1984ஐயும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் கேட்க முடியாது. நாம் பொறாமைப்படும்போது ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் ஆசைப்படுவதில்லை. அதிலிருந்து இரண்டு நாளை வெட்டி எடுத்து ஆசைப்படுகிறோம். அப்படிப்பட்ட வாழ்க்கை உலகத்தில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்தப் பிரபலத்துக்கும் கொடுக்கப்படவில்லை.

முஹம்மது அலியை நான் மதிப்பது அவருடைய பட்டத்துக்காக மட்டும் இல்லை. 1990இல், நோய் முற்றியிருந்த நிலையில், இராக் சென்று அங்கே பிணையாக வைக்கப்பட்டிருந்த 15 அமெரிக்கர்களை மீட்டு வந்தார். 1996இல் அட்லாண்டாவில், கை நடுங்குவதைக் கோடிக்கணக்கான மக்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்தும், ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். ஹாலிவுட்டில் பிரபலங்களின் பெயர்களை நடைபாதையில் நட்சத்திரமாகப் பதிப்பார்கள். தாங்கி நிற்பது நபிகளாரின் பெயர், அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று அவர் சொன்னதால், அவருடைய நட்சத்திரம் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. புகழ் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. அவர் அதனிடம் கொடுக்க மறுத்ததும் உண்டு.

"அழுதாலும் ஏசி காரில் அழலாமே"

இப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி வரும். "அவர்களும் அழுகிறார்கள், சரி. ஆனால் ஏசி காரில் அழுகிறார்கள். நாங்கள் வாடகை பாக்கியோடு அழுகிறோம்." நியாயமான கேள்வி. வறுமை லேசான சுமை என்று நான் சொல்ல வரவில்லை. வறுமையை விட்டும் நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். இந்த அறக்கட்டளை நடப்பதே மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தேவை என்பதால்தான். பணம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு.

நான் சொல்வது வேறு. அந்தக் காரில் எது இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாம் தேநீர்க் கடையில் நின்று ஒரு டீ குடிக்கிறோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் கணவன் மனைவி சண்டை போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது, ஊருக்குத் தெரிவதில்லை. பிள்ளை பரீட்சையில் தோற்றால் நாலு பேருக்குத்தான் தெரியும். நம்மைத் தேடி வருபவர் நமக்காக வருகிறாரா, நம் பெயருக்காக வருகிறாரா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாமல் வாழ்வது ஒரு நிஃமத். அதற்கு நாம் ஒருநாளாவது ஷுக்ர் செய்திருக்கிறோமா?

பிரிட்டன் இளவரசி டயானாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1997 ஆகஸ்ட் 31ஆம் தேதி பாரிஸ் சுரங்கப் பாதையில் கார் மோதி இறந்தபோது வயது 36. புகைப்படக்காரர்கள் வாகனங்களில் பின்னால் துரத்தி வந்தார்கள். காரை ஓட்டியவரின் மிகுந்த அலட்சியமும், பின்னால் வந்த வாகனங்களை ஓட்டியவர்களின் அலட்சியமும்தான் காரணம் என்று 2008இல் லண்டன் விசாரணையில் முடிவானது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் புகைப்படக்காரர்கள் யாருக்காகத் துரத்தினார்கள்? படத்தை வாங்கும் பத்திரிகைக்காக. பத்திரிகை யாருக்காக வாங்கியது? பார்க்க ஆசைப்பட்ட மக்களுக்காக. அந்த வரிசையில் கடைசியில் நிற்பது பார்க்கிறவர்கள்தான். இன்று அந்த இடத்தில் நாமும் நிற்கிறோம்.

மதீனாவில் ஒரு மாதம்

பிரபலமான ஒரு வீட்டைப் பற்றி ஊரே பேசினால் அந்த வீட்டுக்குள் எப்படி இருக்கும்? இதற்கு நம் மார்க்கத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. மதீனாவில் எல்லார் கண்ணும் பார்த்த வீடு ஒன்று உண்டென்றால் அது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் வீடு. அந்த வீட்டைப் பற்றித்தான் அவதூறு கிளம்பியது.

பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் படை புறப்பட்டுவிட்டது. சிவிகையில் அவர்கள் இருப்பதாகவே எண்ணி ஒட்டகத்தில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து படையோடு சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவுதான். நயவஞ்சகர்களின் தலைவன் அதைக் கதையாக்கினான். கதை வாய்க்கு வாய் மாறியது.

ஸஹீஹுல் புகாரியில் அன்னையவர்களே இதை விவரிக்கிறார்கள். மதீனா வந்ததும் ஒரு மாதம் நோயாகக் கிடந்தார்கள். ஊர் பேசிக்கொண்டிருந்தது அவர்களுக்கு மட்டும் தெரியாது. கணவரின் வழக்கமான பரிவு குறைந்திருப்பது மட்டும் மனத்தை உறுத்தியது. ஒருநாள் இரவு உம்மு மிஸ்தஹ் என்ற மூதாட்டியோடு வெளியே போனபோதுதான் விஷயம் தெரியவந்தது. தாய் வீட்டுக்குப் போய் அழுதார்கள். தூக்கமில்லை. அழுகையால் ஈரல் வெடித்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சும் அளவுக்கு அழுதார்கள். பிறகுதான் அன்னூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கி அவர்களின் தூய்மையை அறிவித்தன. குர்ஆனில் ஓதப்படும் அளவுக்குத் தம் விஷயம் பெரியது என்று தாம் எண்ணியிருக்கவே இல்லை என்று அன்னையவர்கள் சொன்னார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தவர் தம்மைப் பற்றி நினைத்தது அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தில் மூன்று பேரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களும் அவர் துணைவியாரும். ஊர் பேசுவதைக் கேட்டீர்களா என்று மனைவி கேட்டார். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: நீ அப்படிச் செய்வாயா? அல்லாஹ் மீது ஆணையாக மாட்டேன் என்றார் மனைவி. அப்படியானால் ஆயிஷா உன்னைவிட மேலானவர் அல்லவா என்றார். வரலாற்று நூல்களில் உள்ள செய்தி இது. அவர்கள் துப்புத் துலக்கவில்லை. தம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தார்கள். காரூனைப் பார்த்தவர்களும் கற்பனை செய்தார்கள், அபூ அய்யூப் தம்பதியரும் கற்பனை செய்தார்கள். முதல் கற்பனை பொறாமையில் முடிந்தது. இரண்டாவது கற்பனை நல்லெண்ணத்தில் முடிந்தது.

இரண்டாவது, ஓர் அன்ஸாரிப் பெண்மணி. அன்னையவர்கள் அழுதுகொண்டிருந்தபோது அனுமதி கேட்டு உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதார். அந்த அறிவிப்பில் அவர் பெயர்கூட இல்லை. ஊரெல்லாம் வெளியே பேசியபோது உள்ளே வந்து அழுத பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் அமலை அல்லாஹ் அறிவான்.

மூன்றாவது, அபூபக்ர் (ரலி) அவர்கள். தம் மகளைப் பற்றி அவதூறு பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவர், தம்மிடமே உதவித்தொகை வாங்கி வாழ்ந்த ஏழை உறவினர். இனி இவருக்கு உதவ மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். மன்னித்துவிடும்படி வசனம் இறங்கியதும், நிறுத்திய உதவியைத் திரும்பவும் தொடர்ந்தார்கள். உதவும் கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு இதைவிடப் பாடம் உண்டா?

இப்போது யோசியுங்கள். ஒரு நடிகரின் விவாகரத்து, ஒரு பாடகியின் உடல்நிலை, ஒரு வீரரின் குடும்பத் தகராறு என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருவதை எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறோம்? அவர் பிரபலம்தானே, அவரைப் பற்றிப் பேசினால் என்ன என்கிறோம். அவர் பிரபலம் என்பதால் புறம் ஹலாலாகிவிடுவதில்லை. அவருக்கும் ஒரு தாய் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. ஊர் பேசும் பேச்சு கடைசியாக வந்து விழுவது அந்தப் பிள்ளையின் காதில். முஹம்மது அலியின் குடும்ப விஷயத்தை நான் பேசாமல் விட்டதற்கு இதுதான் காரணம்.

நம் ஊர் அளவில் புகழ்

புகழ் என்பது நடிகர்களுக்கு மட்டும் உரியதல்ல. நமக்கும் சிறிய அளவில் கிடைக்கிறது. ஃபிளெக்ஸில் படம், மேடையில் நாற்காலி, பிள்ளையின் காணொளிக்கு ஐயாயிரம் பார்வை. பசித்த இரண்டு ஓநாய்களை ஆட்டு மந்தையில் விட்டால் உண்டாகும் சேதத்தைவிட, பொருளாசையும் புகழாசையும் ஒருவரின் மார்க்கத்துக்கு அதிகச் சேதம் செய்யும் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. பர்ளான தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று அவற்றில் ஓதும் ஃபாத்திஹாவில் சொல்கிறோம். தொழுகையில் அவனுக்கே என்று கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் அதில் பங்கு கேட்கிறோம்.

புகழ் வந்தாலும் அதை அமானிதமாக வைத்துக்கொள்ள முடியும். ராமேஸ்வரத்தில் சிறுவயதில் பத்திரிகை விநியோகித்த அப்துல் கலாம் அவர்கள் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார்கள். 340 அறைகள் கொண்ட மாளிகையில் குடியிருந்தார்கள். 2006இல் உறவினர்கள் சுமார் ஐம்பது பேர் வந்து தங்கிப் போனபோது, அவர்களின் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு அனைத்தையும், மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல், தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார்கள். அவர்களுடைய செயலாளர் எழுதி வைத்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. மாளிகை தம்முடையது அல்ல என்ற நினைவு அவர்களிடம் இருந்தது. அந்த நினைவு இருந்தால் புகழ் ஆளைக் கெடுக்காது.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

பேசிவிட்டுக் கலைந்துவிடாமல் சில காரியங்களைக் கையோடு எடுத்துப் போவோம்.

ஒன்று, கல்யாணம். திரையில் பார்த்த மேடையை நம் மண்டபத்தில் கேட்காதீர்கள். நகை விளம்பரத்தில் நடிப்பவர் அணிவது கடைக்காரரின் நகை. படப்பிடிப்பு முடிந்ததும் அது கடைக்குத் திரும்பிவிடும். நாம் வாங்கிய கடன் மட்டும் நம் வீட்டில் தங்கிவிடும். சமூக ஊடகங்களில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021 முதல் இந்திய விளம்பரத் துறையின் நெறிமுறை சொல்கிறது. அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மகளின் நிக்காஹுக்குப் பிறகு வட்டிக் கடையில் நிற்கும் வாப்பாவை எந்தக் காணொளியும் காட்டாது.

இரண்டு, பிள்ளைகள். பிரபலமாக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். எதற்காக அறியப்பட விரும்புகிறாய் என்று கேளுங்கள். நன்றாக ஓதுவதற்கா, வைத்தியம் செய்வதற்கா, கட்டடம் கட்டுவதற்கா? பதில் இருந்தால் அது லட்சியம். பதில் இல்லாமல் அறியப்பட மட்டும் ஆசை என்றால், உட்காரவைத்து முஹம்மது அலியின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். எந்த வருடம் வேண்டும் என்று கேளுங்கள். வாப்பா காய்கறிக் கடை வைத்திருப்பதையோ ஆட்டோ ஓட்டுவதையோ நண்பர்களிடம் சொல்லக் கூசும் பிள்ளை இருந்தால், அந்தக் கூச்சத்தை அதற்குக் கொடுத்தது இந்த ஊர்வலம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். பொருளில் நம்மைவிடக் கீழே இருப்பவரைப் பாருங்கள், மேலே இருப்பவரைப் பார்க்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது, அல்லாஹ் கொடுத்ததை நாம் அற்பமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மூன்று, நாவும் விரலும். யாரைப் பற்றிய செய்தி வந்தாலும் அனுப்பும் முன் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் கேள்வியைக் கணவனும் மனைவியும் கேட்டுக்கொள்ளுங்கள். இது நம் வீட்டைப் பற்றி இருந்தால் அனுப்புவோமா? அந்த நபருக்கு முடிந்தால் ஒரு துஆச் செய்யுங்கள். அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவருடைய கஷ்டம் நீங்க வேண்டும் என்று கேட்பதில் நமக்கு நஷ்டமில்லை.

நான்கு, இது நம் அறக்கட்டளைக்கும் மற்ற உதவும் சகோதரர்களுக்கும் என் வேண்டுகோள். அரிசி மூட்டை கொடுக்கும்போதும் மருத்துவ உதவிக் காசோலை கொடுக்கும்போதும் வாங்குபவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பிரபலமாவதன் சுமையைப் பெரிய மனிதர்களே தாங்க முடியாமல் தவித்ததைப் பார்த்தோம். விதவையான ஒரு சகோதரியை, பள்ளியில் படிக்கும் ஒரு யதீம் பிள்ளையை, அவர் கேட்காமலே ஊருக்குப் பிரபலமாக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணக்கு வழக்கு வேண்டும், ரசீது வேண்டும், தணிக்கை வேண்டும். முகம் வேண்டாம். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்ற நற்செய்தி நமக்குப் போதும்.

அன்புச் சகோதர சகோதரிகளே, பிரபலமானவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இனியும் கற்பனை செய்வோம். அதைத் தடுக்க முடியாது. ஆனால் தெருவில் நின்று ஊர்வலத்தைப் பார்த்தவர்களைப் போலச் செய்யாமல், உள்ளே போய் உட்கார்ந்து அழுத அந்த அன்ஸாரிப் பெண்மணியைப் போலச் செய்வோம். அப்போது அவர்கள் மீது பொறாமை வராது, அவர்களைப் பற்றிப் புறம் பேசத் தோன்றாது. நமக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் சாதாரண நாளின் அருமையும் தெரியும்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்குக் கொடுத்ததைப் போதுமானதாக ஆக்கித் தருவாயாக. எங்கள் கண்களைப் பொறாமையை விட்டும், நாவுகளைப் புறத்தை விட்டும், வீடுகளைக் கடனை விட்டும் பாதுகாப்பாயாக. எங்கள் பிள்ளைகளை உன்னிடம் அறியப்பட்டவர்களாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.